மனச்சோர்வும் மூளையும்

கால் முறிந்து கிடக்கும் ஒருவரைச் சோம்பேறி என்று எவரும் ஏசுவதில்லை. காய்ச்சலில் வாடுபவரை நோக்கி, "மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளும்; காய்ச்சல் போய்விடும்" என்று எவரும் உபதேசம் செய்வதுமில்லை. ஆனால், வாரக்கணக்காக உறக்கமின்றி, உணவிற் பற்றின்றி, எதிலும் நாட்டமின்றிச் சோர்ந்து கிடக்கும் ஒருவருக்கு நாம் வழங்குவன எல்லாம் உபதேசங்களே. கோழை என்கிறோம், செய்நன்றி அறியாதவர் என்கிறோம், கிரகபலன் சரியில்லை என்று சாத்திரம் கேட்கிறோம், நூல் கட்டுவிக்கிறோம். மனச்சோர்வும் ஒரு நோயே என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை.

உலகெங்கும் சுமார் 28 கோடி மக்கள் இந்நோயால் வருந்துகின்றனர் என்று உலக சுகாதார தாபனம் 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட குறிப்பொன்று கூறுகிறது. நமது நாட்டின் கதை தனியே கூறத்தக்கது. 1995 ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஓரிலட்சம் பேருக்கு 47 பேர் வீதம் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அன்று உலகில் மிக உயர்ந்திருந்த விகிதங்களுள் அதுவும் ஒன்று. கொடிய விவசாய நஞ்சுகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின்னர் அவ்விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அம்மரணங்கள் அனைத்திற்கும் மனச்சோர்வே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. எனினும், நஞ்சைத் தடைசெய்வது அரசாங்கத்தால் இயலுமாயின், சோர்ந்த மனத்தைக் காலத்தோடு இனங்கண்டு தாங்குவது வீட்டினதும் பாடசாலையினதும் கடமையன்றோ?

வத்தேகமவிலிருந்து பன்விலைக்கும் மடுல்கலைக்கும் ஏறிச் செல்லும் பாதைகளின் அருகே உள்ள தோட்டங்களையும், கண்டி நகரைச் சூழ்ந்த சிற்றூர்களையும் அறிந்தவர்க்கு இது வெறும் புள்ளிவிபரமன்று. நெருக்கமான லயன் அறைகளில் வளரும் பிள்ளைகள் பலர். தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுவேலைக்குச் சென்றிருக்க, அம்மாயியின் கையிலோ அப்பாயியின் கையிலோ வளரும் பிள்ளைகள் பலர். இளமையில் நேரும் இத்தகைய இடர்கள் மனத்தில் எவ்வாறு பதிகின்றன, அப்பதிவு முதுமைவரை நிற்குமா, அழிக்கக்கூடியதா என்ற வினாக்கள் நமக்கு மிக நெருங்கியவை. இவ்வினாக்களுக்கு மூளையினுள்ளே விடை தேடுவதையே தமது வாழ்நாட்பணியாகக் கொண்டவர், மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பேராசிரியை விதிதா வைத்யா. அவர் பணியை விளக்கப் புகுமுன், அவருக்கு முன்னோர் அமைத்த அடித்தளத்தைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1936 ஆம் ஆண்டிலே கனடாவின் மொன்றியல் நகரில் ஆய்வு நடத்திக்கொண்டிருந்த ஹான்ஸ் செலியே என்பவர் 'நேச்சர்' என்ற விஞ்ஞான சஞ்சிகையில் மிகச் சிறிய கட்டுரையொன்றை வெளியிட்டார். எலிகளைக் குளிரில் விட்டாலும், காயப்படுத்தினாலும், நச்சுப்பொருளை ஏற்றினாலும் அவற்றின் உடல் ஒரே விதமாக மாறுவதை அவர் கண்டார். சிறுநீரகத்தின்மேல் அமர்ந்துள்ள அதிரீனல் சுரப்பி பருத்தது. இரைப்பையிற் புண் தோன்றியது. துன்பங்கள் பலவாயினும் உடலின் மறுமொழி ஒன்றாயிருந்தது. பௌதிகவியலில் வழங்கிவந்த ஒரு சொல்லைப் பின்னர் அவர் இந்நிலைக்குச் சூட்டினார். தமிழில் அதனை நெருக்கீடு என்கிறோம்.

நெருக்கீடு தன்னளவில் தீயதன்று. பாதையில் பாம்பைக் கண்டவுடன் மூளை கட்டளையிட, அதிரீனல் சுரப்பி கோட்டிசோல் என்ற ஓமோனை இரத்தத்திற் சொரிகிறது. உடலிற் சேமித்த சர்க்கரை வெளிப்படுகிறது, இதயம் விரைகிறது, உடல் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது. ஆபத்து நீங்கியதும் மூளையே அச்சுரப்பை அடக்கிவிடுகிறது. கடன் தொல்லை, குடிகாரத் தந்தை, ஓயாத ஏச்சு, பரீட்சைப் பயம் ஆகியவையோ பாம்பைப்போல வந்து மறைவனவல்ல. அவை நாள்தோறும் நிற்பவை. அப்பொழுது அடக்கப்படவேண்டிய ஓமோன் அடங்காமற் சுரந்துகொண்டேயிருக்கிறது.

அந்த ஓமோன் மூளையில் எங்கே செல்கிறது? 1968 ஆம் ஆண்டில் நியூயோர்க் ரொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூஸ் மக்கியூவன் இதற்கு விடை கண்டார். எலிகளின் அதிரீனல் ஓமோனில் கதிர்வீசும் அடையாளமிட்டு அதன் போக்கைத் தொடர்ந்தபோது, கடற்குதிரையின் வடிவை ஒத்ததால் ஹிப்போகம்பஸ் எனப் பெயர்பெற்ற பகுதியில் அது தங்குவதை அவர் கண்டார். புதியனவற்றைக் கற்று நினைவிற் பதிப்பதற்கும், நெருக்கீட்டின் சுரப்பை அடக்குவதற்கும் இப்பகுதி துணைசெய்வது. ஆகவே நீடித்த நெருக்கீடு தன்னை அடக்கும் கடிவாளத்தையே தேய்த்துவிடுகிறது என்ற உண்மை மெல்ல மெல்ல வெளியாயிற்று. 2020 இல் மறையும்வரை மக்கியூவன் இத்துறையின் மூத்த ஆசானாக விளங்கினார்.

இந்த ஆராய்ச்சியில் இந்தியாவின் பங்கு சிறிதன்று. பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் விஞ்ஞான நிலையத்தில் சுமந்திர சட்டர்ஜியும் அவருடைய மாணாக்கரும் 2002 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்தாளப்படுகிறது. எலிகளை நாளொன்றுக்கு 2 மணித்தியாலம் வீதம் 10 நாட்கள் அசையவொட்டாது தடுத்துவைத்தபோது, ஹிப்போகம்பஸிலுள்ள நரம்புக் கலங்களின் கிளைகள் சுருங்கின. ஆனால், அச்சத்தின் இருப்பிடமான அமிக்டலா என்னும் பகுதியில் அதே கிளைகள் தழைத்து வளர்ந்தன. கற்கும் பகுதி மெலிய, அஞ்சும் பகுதி கொழுத்தது! பின்னர் 21 நாட்கள் நெருக்கீடின்றி ஓய்வளித்தும் அமிக்டலாவின் மிகைவளர்ச்சி குறையவில்லை என்று 2004 ஆம் ஆண்டில் இக்குழுவினர் காட்டினர். துன்பம் ஓய்ந்தபின்னும் அச்சம் ஓயாமைக்கு இதுவும் ஒரு விளக்கமாகலாம்.

இனி மருந்துகளின் வரலாற்றுக்கு வருவோம். மனச்சோர்வுக்கும் மூளையின் இரசாயனத்துக்கும் உள்ள தொடர்பை முதலிற் காட்டிய பொருள்களுள் நமது வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்த மூலிகையொன்று உண்டு. அது சர்ப்பகந்தி. 1949 ஆம் ஆண்டில் பம்பாய் இதயநோய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல், அதன் வேர் உயர் இரத்த அமுக்கத்தைத் தணிப்பதை ஆங்கில மருத்துவ ஏடொன்றில் நிறுவினார். 1952 இல் சுவிற்சர்லாந்து இரசாயனவியலாளர் அவ்வேரிலிருந்து ரெசர்ப்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தனர். அதனை உண்ட நோயாளருட் சிலர் காரணமின்றி மனஞ்சோர்ந்து போயினர். நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறப் பயன்படுத்தும் செரட்டோனின் முதலிய இரசாயனப் பொருள்களின் சேமிப்பை அம்மருந்து வெறுமையாக்குகிறது என்று விரைவிலேயே கண்டறியப்பட்டது. மறுபுறத்தில், காசநோய்க்குக் கொடுத்த மருந்தொன்று நோயாளரை உற்சாகப்படுத்தியது. அது அப்பொருள்கள் சிதைவதைத் தடுத்தது. 1957 இல் சுவிற்சர்லாந்து மனநோய் வைத்தியர் ரோலண்ட் கூன் இமிப்பிரமின் என்ற மருந்தின் பயனை அறிவித்தார். ஆகவே, 'செரட்டோனின் குறைந்தால் சோர்வு. நிறைந்தால் தெளிவு' என்ற எளிய கொள்கை பரவியது.

எளிமை அழகியதுதான், ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. இம்மருந்துகள் உட்கொண்ட சில மணித்தியாலங்களிலேயே மூளையின் இரசாயன நிலையை மாற்றத் தொடங்குகின்றன. நோயாளரோ வாரங்கள் சில கழிந்த பின்னரே நலமடைகின்றனர். குறைவே நோயாயின், குறை நிரம்பியவுடன் நோய் ஏன் நீங்கவில்லை? இடைப்பட்ட வாரங்களில் மூளையில் நிகழ்வது யாது?

இவ்வினா அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் டூமன் என்பவரின் ஆய்வுகூடத்தைப் பற்றிக்கொண்டிருந்தது. சோர்வுநீக்கி மருந்துகள் நரம்புக் கலங்களைப் போஷிக்கும் ஒருவகைப் புரதத்தை ஹிப்போகம்பஸில் மிகுவிக்கின்றன என்று 1995 இல் அவருடைய குழு காட்டியது. நெருக்கீடோ அப்புரதத்தைக் குறைக்கிறது. வளர்ந்த எலியின் மூளையிலும் புதிய நரம்புக் கலங்கள் பிறக்கின்றன என்று 1965 இல் ஜோசப் ஆல்ற்மனும் கோபால் தாஸும் கண்டு சொல்லியிருந்தனர். அன்று பலர் அதனை நம்பவில்லை. 2000 ஆம் ஆண்டில், நீண்டநாட் கொடுக்கப்படும் சோர்வுநீக்கி மருந்துகள் இப்புதுக்கலப் பிறப்பைப் பெருக்குகின்றன என்று டூமன் குழுவினர் வெளியிட்டனர். புரதம் ஊறவும் கலம் வளர்ந்து கிளைவிடவும் காலம் வேண்டும். மருந்தின் தாமதத்திற்கு இது தக்கதொரு விளக்கமாயிற்று.

அந்த ஆய்வுகூடத்திலே கலாநிதிப் பட்டத்துக்குப் பயின்றவரே விதிதா வைத்யா. 1970 ஆம் ஆண்டு பிறந்த அவர், மருத்துவ ஆராய்ச்சியாளரான பெற்றோருக்கு மகளாக வளர்ந்து, பம்பாய் சென் சேவியர் கல்லூரியில் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். யேலில் அவர் ஆராய்ந்தது செரட்டோனினின் வாங்கிகளுள் ஒன்றைப் பற்றியது. வாங்கி என்பது நரம்புக் கலத்தின் மேற்பரப்பிலுள்ள பூட்டுப் போன்றது. செரட்டோனின் அதன் சாவி. ஒரே சாவிக்குப் பத்துக்கும் மேற்பட்ட பூட்டுக்கள் உண்டு. அவற்றுள் '2ஏ' என வழங்கும் வாங்கி தூண்டப்படும்போது, போஷிப்புப் புரதம் மூளையின் மேற்பட்டையில் மிகுவதையும், ஹிப்போகம்பஸிற் குறைவதையும் 1997 இல் அவரும் உடனாய்வாளரும் காட்டினர். ஒரே பொருள், ஒரே பூட்டு; இடம் வேறாயின் விளைவும் வேறு. 'செரட்டோனின் குறைவே சோர்வு' என்ற ஒற்றைவரி விளக்கம் போதாது என்பதற்கு இதுவே ஒரு சான்று.

பின்னர்ச் சுவீடனின் கரோலின்ஸ்கா நிலையத்திலும் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலும் பயிற்சி பெற்ற அவர், 2000 ஆம் ஆண்டில், முப்பது வயது நிரம்புமுன்னரே, தாயகம் திரும்பினார். 1945 இல் ஹோமி பாபா நிறுவிய டாட்டா நிலையம், பௌதிகத்துக்கும் கணிதத்துக்கும் பெயர்பெற்றது. அங்கேயுள்ள உயிரியற் பிரிவில் தமக்கென ஓர் ஆய்வுகூடத்தை அமைத்து, மனநிலை என்பது மூளையில் எவ்வாறு உருவாகிறது என்ற வினாவை மாணாக்கர் துணையோடு தொடர்ந்து ஆராய்ந்துவருகிறார்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் முன்னோர் வாக்கு. ஐந்தில் வளைந்தது ஐம்பதில் நிமிருமா என்பதே வைத்யா அம்மையாரின் வினா. எலிக்குட்டிகள் பிறந்த இரண்டாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை, நாளொன்றுக்கு 3 மணித்தியாலம் அவற்றைத் தாயிடமிருந்து பிரித்துவைப்பது ஒரு பரிசோதனை முறை. எஞ்சிய நேரமெல்லாம் குட்டிகள் தாயோடுதான் இருக்கின்றன, பால் குடிக்கின்றன, வளர்கின்றன. வெளித்தோற்றத்தில் குறையொன்றுமில்லை. ஆயினும், வளர்ந்தபின் அவை மற்றவற்றினும் அச்சம் மிக்கனவாய், திறந்த வெளிக்கு வரத் தயங்குவனவாய் உள்ளன. அவற்றின் மூளையின் முன்பகுதியிலே முற்கூறிய '2ஏ' வாங்கியின் செயல் மிகைப்பட்டிருப்பதை வைத்யா குழுவினர் கண்டனர். அத்துடன் நில்லாது, அந்தப் பிள்ளைப்பருவத்திலேயே அவ்வாங்கியை மருந்தொன்றினால் அடைத்துவைத்தால் பிற்கால அச்சம் தோன்றாது தடுக்கலாம் என்றும் காட்டினர். நெருக்கீடு எந்த வாயிலால் மூளைக்குள் நுழைந்து தங்குகிறது என்பதற்கு இவ்வாறு ஒரு தடயம் கிடைத்தது.

2013 இல் அவர்கள் வெளியிட்ட மற்றுமோர் ஆய்வு ஆசிரியர்கள் அனைவரும் அறியவேண்டியது. இளமையில் நெருக்கீட்டுக்குள்ளான எலிகள், வாலிபப் பருவத்தில் மற்றவற்றினும் குறைந்தனவாய்த் தோன்றவில்லை. ஹிப்போகம்பஸிற் புதுக்கலப் பிறப்பு மிகுந்திருந்தது. நெருக்கடியான சூழலிற் கற்கும் பரிசோதனையில் அவை முந்தியும் நின்றன. ஆனால் நடுவயதை அடைந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. புதுக்கலப் பிறப்பும் போஷிப்புப் புரதமும் குறைந்து, கற்கும் ஆற்றலும் தளர்ந்தது. கடனெடுத்துச் செலவழித்தவன் முதலிற் செல்வனாகத் தோன்றி, வட்டி கட்டும் காலத்தில் வாடுவதுபோன்றது இது. "கஷ்டப்பட்டு வளர்ந்த பிள்ளை, எதையும் தாங்கும்" என்று நாம் பெருமையோடு கூறும் பிள்ளைகளைப்பற்றிச் சற்றே சிந்திக்க இவ்வாராய்ச்சி இடந்தருகிறது.

காலத்தின் முக்கியத்துவத்தை வேறொரு பரிசோதனையும் உணர்த்தியது. வளர்ந்தவர்க்குச் சோர்வு நீக்கும் புளுவொக்ஸற்றின் என்ற மருந்தையே பிறந்த சில நாட்களில் எலிக்குட்டிகளுக்குக் கொடுத்தால், அவை வளர்ந்தபின் அச்சம் மிக்கனவாகின்றன. மருந்தும் விருந்தும் காலமறிந்து அமைய வேண்டும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால், இதனைக் கேட்டு, மருந்துண்ணும் தாய்மார் தாமாகவே அதனை நிறுத்திவிடலாகாது. எலிக்குட்டிக்கு நேரே ஊட்டிய மருந்தின் கதை வேறு. தாயின் நோயைக் கவனியாது விடுவதால் நேரும் தீங்கு வேறு. அதனை நிறுத்துத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரே.

2019 ஆம் ஆண்டில் அவரும் அதே நிலையத்தைச் சேர்ந்த உல்லாஸ் கொல்தூர் சீதாராமும் இணைந்து செரட்டோனினுக்கு முற்றிலும் புதியதொரு பணியைக் கண்டறிந்தனர். கலத்தின் சக்தியை ஆக்கும் நுண்ணிய உறுப்புக்களை இழைமணிகள் என்பர். மூளை மேற்பட்டையின் நரம்புக் கலங்களில் அவ்விழைமணிகளின் தொகையைச் செரட்டோனின் பெருக்குகிறது. கலம் நெருக்கீட்டைத் தாங்கிப் பிழைக்கவும் உதவுகிறது. செய்தி கொண்டுசெல்லும் தூதன் என்று எண்ணியிருந்த பொருள், அடுப்பெரிக்கும் வேலையையும் செய்கிறது என்பது இதன் பொருள். சோர்வுற்றோர் "உடம்பிற் பலமில்லை" என்று முறையிடும்போது அதனை வெறும் சாக்காகக் கொள்ளலாகாது என்பதை இத்தகைய ஆய்வுகள் நினைவூட்டுகின்றன. இத்துறையில் ஆற்றிய பணிக்காக 2015 இல் சாந்தி சொரூப் பட்நாகர் பரிசும், 2022 இல் உயிரியல் விஞ்ஞானத்துக்கான இன்போசிஸ் பரிசும் அம்மையாருக்கு வழங்கப்பட்டன.

எலியிற் கண்டதை அப்படியே மனிதனுக்கு ஏற்றுதல் தகாது. எலிக்கு எதிர்காலக் கவலை இல்லை. சாதி, கடன், பரீட்சை ஆகியவையும் இல்லை. வளர்ந்த மனிதரின் மூளையிற் புதுக்கலங்கள் எந்த அளவுக்குப் பிறக்கின்றன என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மனச்சோர்வுக்குப் பரம்பரை, உடல்நோய், இழப்பு, வறுமை எனக் காரணங்கள் பல. இளமையில் இடருற்ற எல்லோரும் நோயாளராவதுமில்லை. அன்பாக ஆதரிக்கும் ஒருவர் அருகிலிருப்பின் பலர் தப்பிவிடுகின்றனர். ஆகவே, வெளிநாடு சென்று உழைக்கும் தாயைப் பழிப்பதற்கு எலிக்குட்டிகளின் கதையைக் கருவியாக்குவது அறியாமையும் அநீதியுமாகும். பிள்ளையின் பசி தீர்க்கவே அவள் கடல் கடந்தாள். அவள் இல்லாத இடத்தை நிரப்பும் பொறுப்பு ஊராருக்கு உண்டு.

இவ்வளவு ஆராய்ச்சியின் சாரத்தைச் சுருங்கக் கூறின் இரண்டு உண்மைகள் எஞ்சுகின்றன. சோர்வு ஒருவருடைய குணக்கேடன்று. வாழ்வின் சுமை மூளையின் நுண்ணிய கிளைகளிற் பதித்த தழும்பு என்பது ஒன்று. அம்மூளை கல்லன்று; அது வளையவும் வளரவும் வல்லது, ஆதலால் தக்க காலத்திற் செய்யும் உதவி வீண்போகாது என்பது மற்றொன்று. வைத்தியரின் மருந்தும், பயிற்சிபெற்ற ஆலோசகரின் உரையாடலும், ஒழுங்கான உறக்கமும், உடற்பயிற்சியும், நல்ல நட்பும் அவ்வுதவியின் பல வடிவங்கள்.

நமது பாடசாலைச் சமூகத்தினர் செய்யக்கூடியவை பெரும் பொருட்செலவை வேண்டுவனவல்ல. கலகலப்பாயிருந்த மாணவன் திடீரென ஒதுங்கினால், பிரம்பை எடுக்குமுன் காரணத்தைக் கேட்கலாம். வகுப்பில் உறங்கும் மாணவியின் இரவு எவ்வாறு கழிகிறது என்று விசாரிக்கலாம். கட்டிடங்களுக்குப் பொருளுதவும் பழைய மாணவர், பயிற்சிபெற்ற ஆலோசகர் ஒருவர் வாரந்தோறும் வருவதற்கும் உதவலாம். பேராதனையிலும் கண்டியிலும் உள்ள பெரிய வைத்தியசாலைகளில் மனநல வைத்தியர் உள்ளனர். அவர்களிடம் செல்வது பல்வைத்தியரிடம் செல்வதினும் வெட்கத்துக்குரியதன்று. இரவு பகல் எந்நேரமாயினும், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து மனந்திறந்து பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளதாக ஒருவர் கூறின், அதை வெறும் பயமுறுத்தலென்று எண்ணாது, அவரைத் தனியே விடாது, உடனே உதவியை நாடவேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு மற்றுமொரு சொல். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே வினாவைப் பற்றி நின்று, உலகம் மதிக்கும் விடைகளைக் கண்ட ஆய்வுகூடம் நமக்கு அயல்நாட்டு நகரமாகிய மும்பையில் உள்ளது. அங்கே உழைத்தோருட் பலர் உங்களிலும் சில ஆண்டுகளே மூத்த மாணாக்கர். மனித மூளையைப்பற்றி அறியவேண்டியவை இன்னும் எத்தனையோ உள. இம்மலைநாட்டுப் பிள்ளைகளின் துயரை உள்ளிருந்து அறிந்த ஒருவர், நாளை அவ்வினாக்களைக் கையிலெடுத்து ஆய்வுகூடம் புகுவாராயின், மற்றையோர் கேட்க நினையாத வினாக்களையும் அவர் கேட்பார். அத்தகைய ஒருவர் நம் வகுப்பறைகளிலிருந்து தோன்றுவாராக.